சாட்சிக் கையெழுத்து

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய கடை முதலாளி உயிலின் ஸ்கேனை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் பெரிதாக்கிப் பார்த்துக் கண் வலித்துப் போனதால், கீழே இருக்கும் கடையில் கொடுத்து ஏ3 தாளில் அச்சடித்து வாங்கி வந்தேன்.

"கொள்ளுத்தாத்தா பெயர் உயிலில் இருக்கிறது அப்பா, முதலாளி 300 வெள்ளி எழுதி வைத்திருக்கிறார், அத்தை சொன்னது உண்மைதான்" என்று துள்ளிக் குதித்து எழுதியிருந்தாய். உண்மைதான், நாலாவது பத்தியில் இருக்கிறது: 'என் கடைச் சிப்பந்தி சுப்பையாவுக்கு.' ஆனால் நீ அங்கேயே நின்றுவிட்டாய் போலிருக்கிறது. வக்கீல் ஆபீசில் 34 வருஷம் கிராணி (குமாஸ்தா) வேலை பார்த்தவன் உயிலைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பான்.

அந்தப் பக்கத்தைத் திற. முதலாளியின் கைநடுங்கிய கையெழுத்து. அதன் கீழே இரண்டு சாட்சிகள். ஒருவர் பக்கத்துக் கடைத் தையல்காரர். இன்னொன்று தமிழில், புள்ளி வைக்காமல், 'சுபபையா'. அந்தக் காலத்து எழுத்துப் பழக்கம் அது. இரும்புப் பெட்டியிலிருந்து தாத்தாவின் பற்று வரவு நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'யா'வின் துணைக்காலை வரிக்குக் கீழே இழுத்து ஒரு கொக்கி போடுவார். இரண்டிலும் அதே கொக்கி. நம் ஆள்தான், சந்தேகமில்லை.

அங்கேதான் கோளாறு. உயிலில் ஒருவருக்கு ஏதாவது எழுதியிருந்தால் அவர் அதற்குச் சாட்சி போடக் கூடாது. போட்டால் உயில் செல்லும், சாட்சியும் செல்லும், அவருக்கு எழுதியது மட்டும் செல்லாது. அவர் மனைவிக்கு எழுதியிருந்தாலும் போச்சு. இங்கிலாந்தில் 1837-இல் போட்ட உயில் சட்டத்தின் விதி அது. 1807-இல் அரச சாசனத்தோடு பினாங்குக்கு நீதிமன்றம் வந்ததிலிருந்து இங்கே வெள்ளைக்காரன் சட்டம்தானே. நம்முடைய மலேசிய 1959 உயில் சட்டத்திலும் இதே விதி இன்றும் இருக்கிறது. ஆபீசில் எனக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம்: சாட்சிக்கு வெளியாளைக் கூப்பிடு.

1923-இல் இதைத் தாத்தாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? முதலாளி படுக்கையில் கிடந்திருப்பார், இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூட நின்று கையெழுத்துப் போட வேண்டும், கடையில் கையெழுத்துத் தெரிந்தவர் இவர்தான். 'சுப்பையா, இங்கே போடு' என்றிருப்பார்கள், போட்டிருப்பார். எழுதிக்கொடுத்த குமாஸ்தாவின் மேல்தான் எனக்குக் கோபம். நாலாவது பத்தியில் தன் கையால் எழுதிய பெயர் கடைசிப் பக்கத்தில் வந்து நிற்பது அவர் கண்ணில் படவில்லையா?

300 வெள்ளி அன்றைக்குச் சின்னப் பணமில்லை. செல்லாமல் போன அந்தத் தொகை மிச்சச் சொத்தோடு சேர்ந்து முதலாளியின் மகனுக்குப் போயிருக்கும். ஏழாவது பத்தியைப் பார், 'மீதியெல்லாம் என் மகனுக்கு' என்று இருக்கிறது. நம் வீட்டுக் கதை என்ன? நான் சின்னப் பையனாக இருந்தபோது 'முந்நூறு வெள்ளியை மகன் அமுக்கிவிட்டான்' என்றார்கள். நான் வேலைக்குப் போன காலத்தில் அது பாதிக் கடையானது. இப்போது உன் அத்தை வாயில் முழுக் கடை. மார்க்கெட் ஸ்திரீட்டில் அந்தக் கடை வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அவள் அஞ்சடியை (கடை முன் நடைபாதையை) விட்டு இறங்கி எதிர்ப்பக்கம் போவாள். மகன் அமுக்கவில்லை, சட்டம் அவனிடம் கொடுத்தது. மனசு இருந்திருந்தால் தந்திருக்கலாம், அது வேறு.

நீ மேலே தேடப்போவதாக எழுதியிருக்கிறாய், தேடு. சிங்கப்பூர் தேசிய நூலகம் ஏற்றி வைத்திருக்கும் பழைய பத்திரிகைகளில் (ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845-லிருந்து இருக்கிறது) புரோபேட் (உயிலை நீதிமன்றம் ஏற்பது) அறிவிப்புகள் கிடைக்கும். பெயரை ஒரே எழுத்தில் தேடாதே. சூப்பையா, சப்பையா, சுபாயா என்று வெள்ளைக்காரக் காது கேட்டபடியெல்லாம் ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டுப் பார். நம்மவர் பெயரை மட்டும் தேடினாலும் போதாது. உயில் எழுதியவர்கள் சொத்து இருந்தவர்கள். பினாங்கில் குடியேற்றத்தைத் தொடங்கிய லைட் துரை 1794-இல் சாகும்போது, தன்னோடு வாழ்ந்த மார்ட்டினா ரோசெல்ஸுக்கு வீடும் தோட்டமும் எழுதி வைத்தார், அவருக்கு இருந்தது. நம் ஆட்களுக்கு என்ன இருந்தது? அவர்கள் முதலாளி பெயரில் இருக்கும் தாளின் ஓரத்தில் சாட்சியாக, சிப்பந்தியாக, கடன்காரனாக நிற்பார்கள். அதனால் முதலாளிகளைத் தேடு.

இன்னொன்று. ஆவணக் காப்பகங்களில் கிடைப்பது பெரும்பாலும் பதிவேட்டு நகல். எழுத்தர் பார்த்து எழுதியது, கையெழுத்துகள்கூட அவர் கைதான். நமக்குக் கொக்கி தெரிந்தது, முதலாளியின் குடும்பம் அசலையே ஸ்கேன் செய்து ஏற்றியதால். அவர்களுக்கு ஒரு நன்றி எழுதிப் போடு. சண்டை எதுவும் வேண்டாம்.

அத்தையிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. தைப்பூசத்துக்கு வருகிறாய் அல்லவா, நீயே காட்டு. நான் சொன்னால் 'வக்கீல் ஆபீஸ்காரன், அந்தப் பக்கம்தான் பேசுவான்' என்பாள். வரும்போது லீட்ஸிலிருந்து அவளுக்கு அந்த முட்டிவலித் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வா. முதலில் அதைக் கொடு, அப்புறம் தாளை எடு.

அப்பா