மடி கரைக்கு வரும்வரை

அன்புள்ள மகளுக்கு,

டொரன்டோ ஹொட் டொக்ஸ் ஆவணப்பட விழாவில் ஒரு நாளைக்கு நாலு படம் பார்த்து விமர்சனம் எழுதப்போகிறேன் என்றாய். சந்தோசம். ஆனால் நாலு கூடிப்போச்சு பிள்ளை, மூன்றாவது ஓடும்போதே முதலாவது மறந்துவிடும். நடுவில் சாப்பிட நேரம் விடுவார்களா என்று அம்மா கேட்கச் சொன்னா.

இங்கேயும் போன சனிக்கிழமை ஆவணப்படம் போட்டார்கள். டொரன்டோ மாதிரி நினைக்காதே. கடற்கரைக்குக் கிட்ட ஒரு மண்டபம், 80 பிளாஸ்டிக் கதிரை, கதவைச் சாத்தினால் வேர்வை, திறந்தால் திரையில் வெளிச்சம். வாசலில் இரண்டு மான் வேறு படுத்திருந்தது.

முதல் படம் 'சோங் ஒப் சிலோன்'. 1934இல் தேயிலைப் பிரசாரச் சபையின் காசில் பசில் ரைட் எடுத்தது. கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் குரலில் வரும் வர்ணனை ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்தைத் தழுவியது. நொக்ஸ் வேறு யாருமில்லை, 1660இல் நம்முடைய திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட வெள்ளைக்காரன்தான். 19 வருசத்துக்குப் பிறகுதான் தப்பி ஓடினான்.

படம் அழகுதான். கொழுந்து பறிக்கிற பெண்களைக் காட்டும் பகுதியில், சந்தை விலை சொல்லும் இங்கிலீசுக் குரல்களை ஓடவிட்டிருக்கிறார். தேயிலைக் காசில் படம் எடுத்துக்கொண்டே தேயிலை வியாபாரத்தைச் சீண்டிய கெட்டித்தனம் அது. ஒலியெல்லாம் பிறகு லண்டனில் சேர்த்தது. அந்தப் பெண்கள் தங்களுக்குள் தமிழில் என்ன கதைத்துக்கொண்டு பறித்தார்களோ, அதைக் கேட்க இனி வழியில்லை. எனக்கு அதுதான் மனதில் நின்றது.

அடுத்தது இங்கத்தைய பொடியன் ஒருவன் கரைவலை பற்றி, அதுதான் கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கிற தொழில் பற்றி, எடுத்த சின்னப் படம். விடியக்காலை வெளிச்சம், தோணி, ட்ரோனில் இருந்து வலையின் வளைவு, எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. பின்னால் புல்லாங்குழல். என் பக்கத்துக் கதிரையில் நாற்பது வருசம் கரைவலை இழுத்த ஒரு கிழவர். இரண்டு பேர் கயிற்றைப் பிடித்தார்கள், அடுத்த காட்சியிலேயே மடி, அதுதான் வலையின் நடுப்பை, நிறைய மீன். கிழவர் கொஞ்சம் உரக்கவே கேட்டார்: "கயிறு இழுக்கவே இல்லையே தம்பி, மீன் எப்படி வந்த?"

மண்டபமே சிரித்தது. பொடியனும் சிரித்தான், பாவம், காது சிவந்துபோய்.

ஆனால் அந்தக் கேள்விக்கு மேல் ஒரு விமர்சனம் நான் வாசித்ததில்லை. இரண்டு பக்கக் கயிற்றையும் இழுத்து இழுத்து, இரண்டு கூட்டமும் மெல்ல நெருங்கி, மடி கரைக்கு வர மணித்தியாலக் கணக்காகும். சில நாள் அதில் ஒரு கூடை நெத்தலிதான் இருக்கும். அந்த நேரம்தான் கரைவலை. படத்தில் அதைத்தான் காணவில்லை.

நீ எழுதும்போது 'நெஞ்சைத் தொட்டது' என்று மட்டும் எழுதிப்போடாதே. எந்த இடத்தில், யார் முகம், எவ்வளவு நேரம், என்ன சத்தம் என்று எழுது. படத்தில் வருகிற தொழில் தெரிந்த ஒருத்தர் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள். இருட்டில் குறிப்பு எடுக்கப் பென்சில்தான் நல்லது. பேனை எழுதாமல் விட்டாலும் இருட்டில் தெரியாது.

முடிந்து வெளியே பிளேன்டீ குடிக்கும்போது பொடியனைப் பிடித்தேன். கயிறு இழுக்கும்போது எல்லாரும் சேர்ந்து பாடுகிற அம்பாப் பாட்டு ஒன்றுமா கிடைக்கவில்லை என்று கேட்டேன். "கிடைச்சது சேர், 40 நிமிசம் இருக்கு. படம் நீண்டுபோகுமெண்டு வெட்டிப்போட்டன்" என்றான். கிழவரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதில் யார் பாடினது என்று பேர் பேராக விசாரித்தார்.

பொடியன் அதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு போகிறேன், கிழவரும் வருகிறாராம். கிடைத்தால் அனுப்புகிறேன், முழுவதையும் கேள்.

அன்புடன்,
அப்பா