மணலைக் கேட்காத சூத்திரம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகள்,

வாயுவும் திரவமும் மணலோடு ஓடும் குழாயின் வளைவு எவ்வளவு தேயும் என்று உங்கட பேராசிரியர் தந்த முதல் வேலைக்கு நீ போட்ட கணக்கைப் பார்த்தேன். குழாய் தேயாமல் ஓடக்கூடிய உச்ச வேகத்துக்கு அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் தந்த ஏபிஐ 14ஈ முறையில் கலவை அடர்த்தி கனமீற்றருக்கு 100 கிலோ, மாறிலி 122, அதை அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் செக்கனுக்கு 12.2 மீற்றர் வரை ஓட விடலாம் என்றிருக்கிறாய். பெருக்கல் வகுத்தல் சரி, பாவித்த இடம்தான் பிழை. அந்த மாறிலி மணல் இல்லாத ஓட்டத்துக்கானது. மணல் எவ்வளவு, மணல்மணி எவ்வளவு பெரிது, வளைவின் ஆரை என்ன என்று அது கேட்பதே இல்லை. போதாக்குறைக்கு, அடர்த்தி குறையக் குறைய வேகத்தைக் கூட்டலாம் என்கிறது. மணல் வரும் குழாயில் அதுதான் ஆபத்து: திரவம் மணியைத் தன்னோடு திருப்பிக்கொண்டு போகும், வாயுவால் அது முடியாது, மணி நேரே போய் வளைவின் வெளிச்சுவரில் அடிக்கும். சம்மாந்துறைப் பக்க நெல் ஆலைகளில் உமி ஊதும் குழாயும் அந்த இடத்தில்தான் ஓட்டை விழும். உமியில் சிலிக்கா இருக்கிறதே.

முதலில் ஓட்ட வகையைப் பிடி. வாயுவின் பாய்வையும் திரவத்தின் பாய்வையும் தனித்தனியே முழுக் குழாய்ப் பரப்பால் வகுத்து, கிடைக்குழாய் என்றால் டைட்டெல், டக்லர் என்ற ஆய்வாளர்கள் 1976இல் தந்த ஓட்ட வகை வரைபடத்தில் வைத்துப் பார். படையாக மெதுவாக ஓடினால் மணல் அடியில் தங்கும். வளைய ஓட்டத்தில் சுவரோரத் திரவப்படலம் மணி மோதும் அடியைக் கொஞ்சம் தாங்கும், நடுவே வாயுவோடு பறக்கும் மணிதான் கெடுக்கும். ஸ்லக் ஓட்டத்தில், அதாவது திரவம் குழாயை அடைத்த கட்டிகளாக விட்டுவிட்டு வரும் ஓட்டத்தில், சராசரி வேகத்தை நம்பாதே, ஸ்லக்கின் வேகத்தை எடு. தேய்வு, வேகத்தின் 2.6ஆம் அடுக்கோடு ஏறும் என்று வைத்தால், வேகம் இரட்டிக்கும்போது தேய்வு ஏறக்குறைய 6 மடங்கு.

சோதனையில் ஒரே மணலைச் சுற்றவிட்டால் முனை மழுங்கித் தேய்வு குறைவாகக் காட்டும். மணலை மாற்று. நிறை இழப்பை மட்டும் எடுத்தால் சராசரிதான் கிடைக்கும், ஆழமான குழி அதற்குள் மறைந்துபோகும். வெளிவளைவில் கட்டம் கீறி அல்ட்ராசோனிக் (மீயொலி) கருவியால் சுவரின் தடிப்பு எடு. உருக்கு 55 பாகை செல்சியஸ் சூடேறினால் வாசிப்பு ஏறக்குறைய 1 வீதம் கூடிக் காட்டும். 6 மில்லிமீற்றர்ச் சுவரில் அது 0.06, நீ தேடுகிற தேய்வே அவ்வளவாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு வாசிப்போடும் சுவரின் வெப்பநிலையையும் குறி.

குழாய் விட்டம், வளைவின் ஆரை, மணலின் பருமன் மூன்றையும் அனுப்பு. நானும் போட்டுப் பார்க்கிறேன்.

அப்பா