கடல் நடுவே நின்ற படகும் திரும்பி வராத பணமும்: புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், குளச்சல் அருகே, கன்னியாகுமரி மாவட்டம் (முன்பதிவு விவரம் இணைப்பில்)

பெறுநர்: தலைமை மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

நகல்: கிளை மேலாளர், நாகர்கோவில்

பொருள்: இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள பாடாங் பாய் துறையிலிருந்து லோம்போக் தீவை ஒட்டிய கிலி ட்ராவாங்கன் தீவுக்கு வேகப்படகுப் பயணம், பயன்படுத்தாத திரும்பு டிக்கெட்டின் கட்டணம், நஷ்டஈடு மற்றும் உங்கள் ஊழியரின் பேச்சு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பும் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் வந்த பதில் ஒன்றுதான்: "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்." முக்கியம் என்றால் யாராவது படித்திருப்பார்கள். டிக்கெட் நகல், வாட்ஸ்அப் உரையாடல், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் தங்கைக்கு எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும் மறுபடியும் இணைத்திருக்கிறேன். நானும் தங்கையும் வாங்கிய உங்கள் 'மஞ்சள் உறை' சுற்றுலாத் திட்டத்தில் என்ன அடங்கும், என்ன அடங்காது என்பது உங்களுக்கே தெரியும்; அதை விளக்கி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

கடலில் நடந்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன் போலிருக்கிறது. நாகர்கோவில் கிளையில் ஜன்னலோர மேஜையில் இருப்பவர் பேசியதை மறக்க முடியவில்லை. நானும் அப்பாவும் கொட்டும் மழையில் அண்ணா பஸ் நிலையத்தில் இறங்கி, நனைந்த ஃபைலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனோம். அவர் தலையை நிமிர்த்தாமல், "டோக்கன் எடுத்தீர்களா?" என்று கேட்டார். அலுவலகத்தில் எங்களைத் தவிர வேறு வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. டோக்கன் எடுத்துக்கொண்டு வந்து நின்றோம். நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, எண்ணெய் விரலாலேயே என் காகிதங்களைப் புரட்டினார். எக்ஸ்ரே உறையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "கடற்கரையில் பிறந்து வளர்ந்துவிட்டு, அலைக்குப் பயந்துவிட்டேன், பணத்தைத் திருப்பிக் கொடு என்று வருகிறீர்களே, ஊரில் சிரிக்க மாட்டார்களா?" என்றார். பக்கத்து மேஜையில் இருந்த இருவரும் சிரித்தார்கள். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "பெரியவரே, நீங்கள் சும்மா இருங்கள்" என்று கையைக் காட்டி அமர்த்திவிட்டார்.

ஐயா, என் அப்பா வாலிபத்திலிருந்து வள்ளத்தில் போகிறவர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் மாவட்டக் கடலோர ஊர்களில் எத்தனை வீடுகளுக்கு ஆள் திரும்பவில்லை என்பது அந்த ஊழியருக்குத் தெரியாதா? அவரும் இந்த மாவட்டத்துக்காரர்தானே? காற்று சரியில்லை என்றால் வள்ளத்தை இறக்காமல் இருப்பதும் தொழிலில் ஒரு பகுதிதான் என்பதை எங்கள் ஊர்ச் சிறுவன்கூடச் சொல்வான். அதைத்தான் நான் உங்களிடம் படகு ஏறுவதற்கு முந்தின நாளே கேட்டேன்.

ஆம், முந்தின நாளே. இதை உங்கள் பதில்கள் எல்லாம் வசதியாக விட்டுவிடுகின்றன. இந்தோனேசியாவின் வானிலை அமைப்பான பிஎம்கேஜி, கடல் அலையின் உயரத்தை முன்கூட்டியே அறிவிக்கிறது. லோம்போக் நீரிணைக்கு அன்று வந்திருந்த எச்சரிக்கையைப் படமெடுத்து உங்கள் அவசர உதவி எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ஒருநாள் தள்ளிப் போகலாமா?" என்று கேட்டேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்குக் கீழே, "படகு தினமும் போகிறது. நீங்கள் ஏறாவிட்டால் பணம் கிடைக்காது." இதை எழுதியவர் யார்? ஏறாவிட்டால் பணம் போகும் என்று சொல்லி ஏற வைத்தீர்கள். ஏறிவிட்டு வந்து கேட்டால், "நீங்கள்தான் ஏறினீர்களே, சேவை முழுமையாக வழங்கப்பட்டுவிட்டது" என்கிறீர்கள். பணம் திரும்ப வேண்டுமானால் நாங்கள் என்னதான் செய்திருக்க வேண்டும்? மூழ்கியிருக்க வேண்டுமா?

பாலிக்கும் லோம்போக்குக்கும் நடுவே உள்ள அந்த நீரிணை சாதாரணக் கடல் அல்ல. பசிபிக்கின் தண்ணீர் இந்தியப் பெருங்கடலுக்குள் இறங்கி வரும் வாசல்களில் அது ஒன்று. ஆகஸ்டில் நீரோட்டம் தெற்கே இழுக்கும். தென்கிழக்குக் காற்று எதிரே அடிக்கும். இரண்டும் மோதும் இடத்தில் அலை எப்படி இருக்கும் என்று, அந்த வழித்தடத்தை ஆண்டு முழுவதும் விற்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

படகில் லைஃப் ஜாக்கெட் இல்லை என்று சொல்லவில்லை. இருந்தது. முன்வரிசை இருக்கைகளின் அடியில் நைலான் கயிற்றால் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தார்கள். ஏறியதும் பணியாளர் ஒருவர் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தது வாந்தி எடுப்பதற்கான கறுப்பு பிளாஸ்டிக் பை. மூட்டைகள் எல்லாம் கூரைமேல். ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். துறையைத் தாண்டியதும் படகு ஒவ்வொரு அலையிலும் எழும்பி எழும்பி விழுந்தது. முன்வரிசையில் இருந்த தங்கைக்கு முதுகுத்தண்டின் அடியில் பட்ட அடிதான் நீங்கள் எக்ஸ்ரேயில் பார்ப்பது, பார்த்திருந்தால். பாதிக் கடலில் என்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. அதற்குப் பிறகு கேட்ட சத்தம், ஜன்னல் ரப்பரின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே பீய்ச்சுகிற சத்தம் மட்டும்தான். அணியத்தை, அதாவது முன்முனையை, அலைக்குக் கொடுக்க வழியில்லாமல் படகு விலாவைக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. அப்படிக் கிடந்தால் படகு கவிழலாம் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் எனக்குக் கூடுதல் பயம். உங்கள் ஊழியர் சொன்னது நேர்மாறு.

பின்னால் பெட்ரோல் நாற்றம். மூடியைத் திறந்து குனிந்து பார்த்தவரின் காதில் ஒரு சிகரெட் செருகியிருந்தது. 2016 செப்டம்பரில் இதே பாடாங் பாயிலிருந்து கிளம்பிய ஒரு வேகப்படகு வெடித்து வெளிநாட்டுப் பயணிகள் உயிரிழந்தது செய்தியில் வந்த விஷயம். நான் அதைப் படித்துவிட்டுப் போயிருந்தேன். கயிற்றைப் பல்லால் அவிழ்த்து ஜாக்கெட்டுகளை எடுத்தது பணியாளர்கள் அல்ல, பயணிகள். எனக்குக் கிடைத்ததில் கொக்கி உடைந்திருந்தது. துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அருகிலிருந்த வெளிநாட்டுப் பெண் தன் கைப்பையிலிருந்து எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். உங்கள் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே வாடிக்கையாளர் சேவை அது.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில், கூப்பிடு தூரத்துக்கே லைஃப் ஜாக்கெட் மாட்டி ஏற்றுகிறார்கள். கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ, கடல் சீறினாலோ படகை நிறுத்திவிடுகிறார்கள். வரிசையில் நின்ற கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்து போகும், அவ்வளவுதான். நம் வாசலில் நடப்பதை வெளிநாட்டில் எதிர்பார்ப்பது பேராசையா?

உங்கள் தரப்பு விளக்கமாக வந்த ஒரே வரி, "இயற்கைச் சீற்றத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல." அலை இயற்கை, ஒப்புக்கொள்கிறேன். என்ஜின் அணைந்தது இயற்கையா? கயிற்றுக் கட்டு இயற்கையா? வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரலும் இயற்கைதானா?

திரும்பும்போது அதே படகில் ஏற எங்களுக்கு மனம் வரவில்லை. லோம்போக்கிலுள்ள பாங்சாலுக்கு உள்ளூர்ப் படகு, அங்கிருந்து லெம்பார் துறைமுகத்துக்கு வேன், பிறகு பாலிக்கு வாகனங்களை ஏற்றும் பெரிய ஃபெர்ரி என்று சுற்றி வந்தோம். பாலியின் டென்பசாரில் விமானம் தவறிவிட்டது. புது டிக்கெட் எடுத்துக் கோலாலம்பூர் வழியாகத் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தோம். இருவருக்கும் ஆன செலவு 46,800 ரூபாய். பயன்படுத்தாத படகு டிக்கெட் 7,400 ரூபாய். உப்புத்தண்ணீரில் போன கைப்பேசி 18,500 ரூபாய். பல ஆண்டுச் சேமிப்பு மொத்தமும் இந்த ஒரு பயணத்தில் கரைந்தது. தங்கை இப்போது கடற்கரைப் பக்கம் வரவே மறுக்கிறாள். வாசலைத் திறந்தால் கடல் தெரியும் வீட்டில் இருப்பவளுக்கு இந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

நடுவில் உங்கள் கிளைக்காரர்கள் எங்களைத் திருவனந்தபுரம் அலுவலகத்துக்கு அனுப்பிய கதையும் உண்டு. மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்து, களியக்காவிளையில் பஸ் மாறி, தம்பானூர் போய்ச் சேர்ந்தால், "நாகர்கோவிலில் போட்ட டிக்கெட்டை நாகர்கோவில்தான் பார்க்க வேண்டும்" என்று ஒரே நிமிடத்தில் திருப்பி அனுப்பினார்கள். அன்று அப்பா தொழிலுக்குப் போகவில்லை. ஒரு ஃபோன் போட்டு அவர்களிடம் கேட்டுவிட்டு எங்களை அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. போகும்போது விமான டிக்கெட்டை ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. பேசித் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறேன். மேலே சொன்ன 72,700 ரூபாயையும் தங்கையின் மருத்துவச் செலவையும் தர வேண்டும். ஜன்னலோர மேஜைக்காரர் என் அப்பாவிடம் எழுத்துமூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு இதை விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். அங்கே மன உளைச்சலுக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் கேட்பேன். உங்கள் நிபந்தனைத் தாளில் "வழக்குகள் சென்னை எல்லைக்கு உட்பட்டவை" என்று பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்தேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்து வைத்திருக்கிறேன். கட்டைவிரல் வண்ணத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது.

அன்புகூர்ந்து இந்த முறை தானியங்கிப் பதில் அனுப்ப வேண்டாம். பெயரும் பொறுப்பும் உள்ள ஒருவர் மாலை 5 மணிக்கு மேல் தொலைபேசியில் அழைக்கட்டும். அப்பாவும் அப்போது வீட்டில் இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: டிக்கெட் நகல்கள், வாட்ஸ்அப் உரையாடல், செலவு ரசீதுகள், எக்ஸ்ரே அறிக்கை (எண்ணெய்க் கறையுடன்)