ஹெல்சிங்கியில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் மடல் கிடைத்தது. ஹெல்சிங்கியின் தெருக்களில் இரவில் எவரும் படுத்திருப்பதைக் காணவில்லை என்றும், லண்டனில் கடை வாசல்களில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பவர்களைப் பார்த்து வளர்ந்த உனக்கு அது விநோதமாக இருக்கிறது என்றும் எழுதி, அங்கத்தைய குளிர்தான் அதற்குக் காரணமோ என்று கேட்டிருக்கிறாய். குளிர் காரணமாக இருக்க முடியாது. 1987ஆம் ஆண்டில் பின்லாந்தில் வீடில்லாதோர் 18,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அப்போதும் அங்கே பெய்தது இதே பனிதான். உன்னோடு வேலை செய்பவர் ஒருவர், பிரித்தானியாவில் உதவி கிடைக்கத்தானே செய்கிறது, அதை வேண்டாமென்பவர்கள்தான் தெருவில் கிடக்கிறார்கள் என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாய். கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி அலுவலகங்களில் எங்கள் ஆட்களுக்காக இத்தனை காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, அதற்குப் பதில் எழுதாமல் இருக்க என்னால் இயலவில்லை.

உதவி இருக்கிறது என்பது உண்மை. 1977ஆம் ஆண்டிலேயே வீடற்றோருக்கு இருப்பிடம் கொடுப்பதைக் கவுன்சில்களின் சட்டக் கடமையாக்கிய நாடு இது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு, ஒருவர் வீடில்லாமல் வந்து நிற்கிறார் என்பது மட்டும் போதாது. அவருடைய விசா உதவி பெற இடம் தருகிறதா, அவருக்கு முன்னுரிமைத் தேவை உண்டா, இருந்த வீட்டை அவர் வேண்டுமென்றே இழந்தாரா, அந்த ஊரோடு அவருக்குத் தொடர்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். பிள்ளைகளோடு வருபவர், கர்ப்பிணி, முதுமையாலோ நோயாலோ தளர்ந்தவர் ஆகியோர் முன்னுரிமைக்குள் அடங்குவர். தனியாக வாழும், உடம்பு சுகமாக உள்ள நாற்பது வயது ஆண் அடங்கமாட்டார். 2017இல் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அவருக்கும் 56 நாட்களுக்கு உதவித் திட்டமொன்று வகுத்துக் கொடுக்க வேண்டும். நான் கண்ட அளவில், அந்தத் திட்டம் பெரும்பாலும் வாடகைக்கு அறை தேடும் இணையத்தளங்களின் பட்டியலாகவே இருந்தது. ஸ்கொட்லாந்து 2012இன் முடிவில் இந்த முன்னுரிமைக் கேள்வியையே நீக்கிவிட்டது (அங்கும் வீடுகள் போதவில்லை என்பது வேறு கதை).

எங்கள் இளைஞர்களுக்கு நேர்வதைச் சொன்னால் உனக்கு இன்னும் தெளிவாக விளங்கும். அகதி விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் வரை அரசு தங்குவதற்கு ஓர் இடமும் கிழமைக்குச் சிறு தொகையும் கொடுக்கிறது. அநேகருக்கு வேலை செய்ய அனுமதி இல்லாததால் கையில் சேமிப்பும் இராது. நெடுங்காலம் காத்திருந்தபின் ஒரு நாள் விண்ணப்பம் ஏற்கப்பட்டதென்று கடிதம் வருகிறது. அதோடு அறையை விட்டு வெளியேறுவதற்கான கெடுவும் தொடங்குகிறது. நீண்டகாலம் 28 நாட்களாக இருந்த அந்தக் கெடுவை 2024 டிசம்பரில் பரீட்சார்த்தமாக 56 நாட்களாக நீட்டினார்கள். மறு ஆண்டிலேயே தனி ஆட்களுக்குப் பழைய 28 நாட்களுக்கே திரும்பினார்கள். யூனிவர்சல் கிரெடிட் உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தால் முதற் கொடுப்பனவு வர ஐந்து கிழமை, அதாவது 35 நாட்கள், ஆகும். 35 என்பது 28ஐ விடப் பெரிது என்பதை இந்த ஒழுங்குகளை வகுத்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். அவசரமென்றால் கடனாக முற்பணம் தந்து, பின்னர் மாதந்தோறும் கழித்துக்கொள்வார்கள். வீட்டு முகவரோ சம்பளச் சீட்டும், வைப்புப் பணமும், பிணை நிற்க ஓர் ஆளும் கேட்பார்.

அப்படி விசா கிடைத்து அறையை இழந்த ஒரு பிள்ளையோடு நான் கவுண்டரில் அமர்ந்திருந்தேன். லண்டனில் வீதியில் உறங்குவோருக்கான பல விடுதிகளில் இடம் பெற வேண்டுமாயின், களப்பணியாளர் ஒருவர் இரவில் வந்து, நீங்கள் வெளியே படுத்திருப்பதை நேரில் கண்டு பதிவுசெய்ய வேண்டும். எந்தத் தெருவில் படுத்தால் அவர்கள் கண்ணில் படுவேன் என்று அவன் கேட்டான். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி மரியாதையாகவே ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். அவனுடைய ஊரவர் ஒருவரின் வீட்டு ஹோலில் பாய் விரிக்க இடம் கிடைத்ததால் அவன் தெருவுக்குப் போகவில்லை, ஆகவே கணக்கிலும் சேரவில்லை. இங்கிலாந்தில் இலையுதிர் காலத்து ஓரிரவில் வீதியில் உறங்கியோர் 2010இல் 1,768 பேர், 2024இல் 4,667 பேர் என்று நீ வாசிக்கும் எண்களில் அவனைப் போன்றோர் இல்லை. நீ இருக்கும் நாட்டில் உறவினர், நண்பர் வீடுகளில் ஒண்டியிருப்போரையும் வீடற்றோராகவே எண்ணுகிறார்கள். அங்கத்தைய கணக்கில் பெரும்பான்மையோர் அவர்கள்தாம்.

இதன் அடியில் இருப்பது வீட்டுப் பஞ்சம். கவுன்சில் வீடுகளில் குடியிருந்தோர் அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கலாம் என்று 1980இல் சட்டம் வந்தபின், இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் வீடுகள் கைமாறின. வாங்கியவர்களில் உன் சித்தப்பாவும் ஒருவர். அவரை நான் குறை சொல்லமாட்டேன். விற்றவற்றுக்கு ஈடாகப் புதிய வீடுகளைக் கட்டாமல் விட்டதுதான் குறை. தனியார் வாடகைக்கு அரசு தரும் உதவிப்பணம் 2016 முதல் நான்கு ஆண்டுகள் உயராமல் இருந்து, 2020இல் உயர்ந்து, மறுபடியும் 2024 ஏப்ரல் வரை அப்படியே நின்றது, வாடகையோ நிற்கவில்லை. அந்த இடைவெளியில் விழுந்த குடும்பங்களை, பிள்ளைகள் இருப்பதால், கவுன்சில்கள் கைவிட முடியாது. 2024இல் இங்கிலாந்தில், தனி ஆட்களையும் சேர்த்து, 117,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிக இருப்பிடங்களில் இருந்தன. உதவிப்பணத்தில் அரசு மிச்சம் பிடித்ததைக் கவுன்சில் ஹோட்டல்காரருக்கு இரவு வாடகையாக அளக்கிறது. இதனைச் சிக்கனம் என்று எவரும் சொல்வாராயின், அவரோடு எனக்கு வாதிட விருப்பமில்லை.

முடியாத காரியம் என்பதற்கும் மறுப்பு இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, வெளியே உறங்கும் எல்லோரையும் உள்ளே கொண்டுவருமாறு அரசு கவுன்சில்களைக் கேட்டது. முன்னுரிமை, ஊர்த் தொடர்பு, விசா ஆகிய கேள்விகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத ஹோட்டல்கள் திறந்தன. 2021 ஜனவரிக்குள் 37,000 பேர் அத்திட்டத்தால் உதவி பெற்றதாக அரசே சொன்னது. உன் அலுவலகத்து மனிதர் சொல்வதுபோல் அவர்கள் உதவியை வேண்டாமென்பவர்களாக இருந்திருந்தால், இத்தனை பேர் கதவு திறந்ததும் உள்ளே வந்திருக்கமாட்டார்கள். வரமறுத்தவர்களும் இருந்தார்கள், மனநோயும் போதையும் இல்லையென்று நான் சொல்லவில்லை.

அந்த இரண்டும் பின்லாந்திலும் உண்டு. குடியை விடு, மருந்தை ஒழுங்காக எடு, பிறகு வீட்டைப் பற்றிப் பேசலாம் என்ற பழைய வரிசையை 2008இல் தொடங்கிய திட்டத்தில் அங்கே தலைகீழாக்கினார்கள்: முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு வீடு, பிறகு மற்றவை. ஹெல்சிங்கியின் கல்லியோ பகுதியில் அல்பிக்காத்து என்ற தெருவில் இரட்சணிய சேனை நடத்திய, சுமார் 250 படுக்கைகள் கொண்ட இரவு விடுதி, 2012இல் 81 சிறு வீடுகளாக மாறியது. படுக்கை குறைந்ததே என்று கேட்பார்கள். படுக்கையில் இருப்பவரைக் காலையில் வெளியே அனுப்பலாம். வாடகை ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒருவரை அப்படி அனுப்ப முடியாது. இதற்கு வீடு வேண்டும் என்பதை மறந்துவிடாதே: ஹெல்சிங்கி நகரசபையிடம் சொந்தமாக ஏறத்தாழ 50,000 வாடகை வீடுகள் இருக்கின்றன. வீடற்றோருக்கு வாடகைக்குக் கொடுப்பதற்காக 1985இல் தொடங்கிய ஒய் அறக்கட்டளை தனியாகவும் வீடுகளை வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இங்கிருந்து அதனைப் பார்த்துவிட்டு வருபவர்கள் தத்துவத்தைக் கொண்டுவருகிறார்கள், வீடுகளைக் கட்டுவதில்லை.

இப்போது அங்கேயும் கை வைத்துவிட்டார்கள். வீட்டு வாடகை உதவிப்பணத்தை 2024இல் குறைத்தார்கள். 2023இல் 3,429 ஆக இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2024இல் 3,806 ஆக ஏறியது. பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே வந்த கணக்கு அது. உன் குடியிருப்பிலும் அந்த உதவிப்பணம் பெறுவோர் இருப்பார்கள். குறைப்புக்குப் பிறகு அவர்கள் வாடகையை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றும், சிறிய வீட்டுக்கு மாறச் சொன்னால் அப்படியொரு வீடு உண்மையிலேயே கிடைக்கிறதா என்றும் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா