அம்மாவிடம் கேட்க வேண்டியது

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த முறை மூச்சுத் திணறினால் அம்மாவுக்கு வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்று டாக்டர் யோசிக்கச் சொன்னாராம். "அவங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியலையே" என்று எழுதியிருந்தாய். வெகுநேரம் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

மகளாக இருந்தும் தெரியவில்லையே என்று நொந்துகொள்ளாதே. அமெரிக்காவில் ஐந்து மருத்துவமனைகளில் 9,105 நோயாளிகளைக் கவனித்த ஆய்வு 1995இல் வந்தது. இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்று நோயாளி நினைத்தபோது, அது 47 சதவீத மருத்துவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. சரி, பேச ஆளில்லாததுதான் குறை என்று பயிற்சி பெற்ற நர்சுகளை நடுவில் வைத்தும் பார்த்தார்கள். அப்படியும் நிலைமை மாறவில்லை. என்னை உலுக்கியது இதுதான்.

ஏன் பேச்சு எழுவதில்லை? கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் வார்டுகளில் இருந்து கவனித்து 1965லேயே எழுதிவிட்டார்கள். சாவு நெருங்குவது நோயாளிக்கும் தெரியும், சுற்றியிருப்பவர்களுக்கும் தெரியும். ஆனாலும் தெரியாததுபோலவே நடந்துகொள்வார்கள். படித்தபோது அப்பாவின் கட்டில் கண்முன் வந்தது. "அடுத்த வருஷம் கண் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்றார். "ஆமாம்பா, பண்ணிக்கலாம்" என்றேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். நான் தலையணையைச் சரிசெய்தேன். அப்புறம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கடைசி ஒன்பது நாட்களை ஐசியூவில் தனியாகக் கழித்திருக்க மாட்டாரோ என்று இன்றும் தோன்றுகிறது.

அதனால் வென்டிலேட்டர் வேண்டுமா என்று தொடங்காதே. எதற்குப் பயப்படுகிறார், யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேள். வலி தெரியாமல் மயக்கத்தில் இருப்பது பரவாயில்லையா, விழிப்போடு இருக்க வேண்டுமா என்றும் கேள். இதை மருத்துவர்கள் நம்மைப்போல் பார்ப்பதில்லை. 2000இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், கடைசியில் நினைவு தெளிவாக இருப்பது முக்கியம் என்றவர்கள் நோயாளிகளில் 92 சதவீதம், மருத்துவர்களில் 65 சதவீதம். ஒரே நாளில் கேட்டு முடிக்காதே, அவர் மனம் மாறலாம். சொன்னதை அவர் வார்த்தைகளிலேயே எழுதி டாக்டரிடமும் தம்பியிடமும் கொடு.

சனிக்கிழமை வருகிறேன். இரவு அம்மா பக்கத்தில் நான் இருக்கிறேன், நீ கொஞ்சம் தூங்கு.

அன்புடன்,
மாலதி