சேஃப்டி வால்வுக் குழாயின் உதையை யார் தாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர், ஈரோடு பகுதிச் சாய ஆலைகளிலும் அரிசி ஆலைகளிலும் பாய்லருக்கு சேஃப்டி வால்வை (அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து நீராவியை வெளியேற்றும் வால்வு) பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். அதிலிருந்து கூரைக்கு மேலே நீராவியைக் கொண்டுபோகும் குழாயை மட்டும் வெல்டரின் கைக்கணக்குக்கு விட்டுவிடுகிறார்கள். வால்வு திறந்ததும் துப்பாக்கி தோளை உதைப்பதுபோல இந்தக் குழாயும் உதைக்கும். நீராவி மேலே பாய்ந்தால் உதை கீழே இறங்கும்.

கணக்கு எளிது. நொடிக்கு வெளியேறும் நீராவியின் கிலோவை, அதன் வேகத்தால் பெருக்க வேண்டும். குழாய் வாயில் மிஞ்சி நிற்கும் அழுத்தத்தை வாயின் பரப்பால் பெருக்கி, அதோடு கூட்ட வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வாய் சிறியதானால் நீராவி ஒலி வேகத்தில் நெரிபட்டு வரும். அழுத்தம் முழுதும் இறங்காமலே வெளியேறும்.

10.5 கிலோ பிரஷரில் (சதுர செ.மீட்டருக்கு) மணிக்கு 6 டன் தள்ளும் வால்வு, 65 மி.மீ. குழாய் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1.67 கிலோ, வேகம் சுமார் 475 மீட்டர். முதல் பகுதி 790 நியூட்டன். வாயில் வெளிக்காற்றைவிட 0.96 பார் அழுத்தம் மிஞ்சும், அதற்கு 300 நியூட்டன். ஆக 1,090. வால்வு படாரென்று திறப்பதால் இதை இரட்டிப்பாக்குவது பாதுகாப்பு: 2,180 நியூட்டன், அதாவது 222 கிலோ பாரம். குழாயை மேல்நோக்கித் திருப்பும் எல்போ (வளைவுத் துண்டு) வால்விலிருந்து 1 மீட்டர் தள்ளியிருந்தால், வால்வைத் தாங்கும் 50 மி.மீ. ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் வகை) நாசிலில், அதாவது பாய்லரின் குட்டைக் குழாயில், வளைவுத் தகைவு (வளைக்கும் விசையால் உலோகத்தில் எழும் அழுத்தம்) சதுர மி.மீட்டருக்கு 238 நியூட்டன். சாதாரண கார்பன் ஸ்டீல் குழாய் 240-லேயே நெளியத் தொடங்கும். உள்ளிருக்கும் அழுத்தத்தையும் குழாயின் சொந்த எடையையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

அதற்காகக் குழாயைக் கூரையின் இரும்புச் சேனலோடு இறுக்கிக் கிளாம்ப் போடுவதும் தவறு. பாய்லர் சூடேறும்போது சில மி.மீ. மேலே எழும்; இறுக்கிய குழாய் வால்வைத் திருகிவிடும், வால்வு கசியும். எல்போவை வால்வை ஒட்டியே முடித்து, அதன் வாயை அகலமான வெளிக்குழாய்க்குள் தொடாமல் நுழைய விட வேண்டும். வெளிக்குழாய் கட்டிடச் சட்டத்தில் தனியே நிற்கட்டும். அதன் அகலம் போதாவிட்டால் நீராவி இடைவெளி வழியே கீழே திரும்பி ஆள்மேல் அடிக்கும்; ஆகவே அந்த அளவையும் கணக்கிட்டே தீர வேண்டும். எல்போவின் அடியில் டிரெயின் (தண்ணீர் வடியும் துளை) கட்டாயம். தேங்கிய தண்ணீரை நீராவி உருட்டித் தள்ளினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் பொய்த்துவிடும். மழைக்காக வாயைச் சாய்வாக வெட்டினால், பக்கவாட்டு உதைக்கும் தாங்கி வேண்டும்.

பாய்லரில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஹைட்ராலிக் டெஸ்டில் வால்வைக் கழற்றி அடைத்துவிடுவதால், இந்தக் குழாய் அதில் சோதனைக்கு வருவதேயில்லை. பாய்லர் வரைபடத்தோடு உதைக் கணக்கும் தாங்கி விவரமும் அடங்கிய ஒரு தாளையும் ஆய்வாளர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
பாய்லர் பொறியாளர்கள் சிலர்,
ஈரோடு.