டிக்கெட்டை வைகாசிக்கு மாற்று, மகள்

உப்புவெளி,
திருகோணமலை.
ஆவணி மாதம், ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனை வைத்த வேகத்திலேயே உனக்குக் கோபம் என்று தெரிந்துவிட்டது. "நாலு கிழங்குக்காக பேத்தியைப் பார்க்க வரமாட்டீங்களோ அம்மா?" என்று கேட்டாய். வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, பிள்ளை. ஐப்பசியில் ரொறன்ரோவுக்கு வரமாட்டேன் என்று சொல்ல வந்தேன். முடிக்க விட்டால்தானே. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் பேனையை எடுத்துவிட்டேன். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பெடியன் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பித் தருவான்.

இங்கே கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. காலை பத்து மணிக்குப் பிறகு முற்றத்து மணலில் கால் வைக்க ஏலாது. கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது, அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்தால் உப்புக் கரிக்கிறது. என் கிழங்குப் பூச்செடிகளின் 31 சாடியும் வெறும் மண்ணோடு வரிசையாக இருக்கின்றன. போன கிழமை மாமா வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதெல்லாம் செத்துப்போச்சு. மண்ணைக் கொட்டிவிட்டு சாடியையாவது எனக்குத் தாங்கோ" என்றார். ஒரு சாடியை விரலால் கிளறிக் காட்டினேன். உள்ளே கிழங்கு பம்பாய் வெங்காயம்போலப் பருத்து, அமுக்கினால் கல்லுமாதிரி இருந்தது. "சரி, சரி" என்று தலையாட்டினார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

நீ இங்கே இருந்த காலத்தில் நான் ரோசா வளர்த்தது நினைவிருக்கும். ஒவ்வொரு வருடமும் ஆடி, ஆவணியில் இலை ஓரம் தீய்ந்து, முனை கறுத்து, ஒவ்வொன்றாகப் போகும். எருப் போட்டேன், கிடுகு கட்டி நிழல் கொடுத்தேன், ஒன்றும் சரிவரவில்லை. கிணற்று உப்பைத்தான் வாளி வாளியாக அள்ளி வேருக்கு ஊற்றியிருக்கிறேன் என்று விளங்கவே எனக்குப் பத்து வருடம் ஆனது. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது, அதைக்கூட யோசிக்கவில்லை.

கிழங்குப் பூக்கள் அந்தக் கணக்கை வேறுமாதிரித் தீர்த்துவிடுகின்றன. நம் பக்கம் மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்கும்தான். அந்த மாதங்களில் இவை இலை விட்டு, பூத்து, அடுத்த வருடத்துக்கு வேண்டியதைக் கிழங்குக்குள் சேர்த்துக்கொள்ளும். கிணறு உப்பாகிற மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டுப் படுத்துவிடும், தண்ணீரே கேட்காது. நல்ல தண்ணீர் இல்லாத நேரத்தில் தண்ணீர் வேண்டாத செடி! நம் மணலும் இதற்குத் தோதுதான், தண்ணீர் தேங்காது. சத்து மட்டும் கிடையாது. அதற்கு மக்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் கொஞ்சம் உமிக்கரியும் கலக்கிறேன். தும்புத்தூளிலும் உப்பு இருக்கும், மூன்று தரம் அலசித்தான் போட வேண்டும்.

தண்ணீர் ஊற்றாமல் இருக்கப் பழகுவதுதான் பெரிய பாடாய்ப் போனது. முதல் வருடம் கண்டியிலிருந்து ஒரு சிநேகிதி ஹிப்பியாஸ்ட்ரம் என்கிற லில்லிமாதிரிப் பூவின் ஆறு கிழங்கு கொடுத்தனுப்பினாள். இலை வாடியதும் எனக்கு மனம் கேட்கவில்லை. விடிய ஒரு சிரட்டை, பொழுதுபட ஒரு சிரட்டை என்று ஊற்றினேன். ஒருநாள் சாடியிலிருந்து நாற்றம் வந்தது. கிளறினால் ஐந்து கிழங்கு கூழ். ஆறாவதில் அடிப்பக்கம் மட்டும் பழுதாகியிருந்தது. வெள்ளைச் சதை தெரியும்வரை கத்தியால் சீவி, அடுப்புச் சாம்பல் தடவி, நிழலில் நாலு நாள் காயவைத்துப் பிறகு நட்டேன். அது பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு இருக்கிற 11 சாடி ஹிப்பியாஸ்ட்ரமும் அதன் வம்சம்தான். கிழங்கை நெடுக்காக எட்டுத் துண்டாக வெட்ட வேண்டும், ஒவ்வொரு துண்டிலும் வேர் வருகிற அடித்தட்டு கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும். ஈர மணலோடு பொலித்தீன் பையில் போட்டு நிழலில் வைத்தால் இரண்டு, மூன்று மாதத்தில் கிழங்கின் மடல்களுக்கு நடுவே குட்டிக் கிழங்கு வந்துவிடும். பூ வர இன்னும் மூன்று வருடம் ஆகும். அப்பா பார்த்துவிட்டு, "ஆணம் வைக்கவோ?" என்று கேட்டார்.

உன்னுடைய அமரில்லிஸுக்கு வருகிறேன். நத்தாருக்குப் பெட்டியில் வாங்கினாய், ஒரு தரம் பூத்தது, பிறகு இரண்டு வருடமாக இலை மட்டும்தான் என்று படம் அனுப்பினாயே. அதுவும் ஹிப்பியாஸ்ட்ரம்தான். தென்னமெரிக்காக்காரி, பெட்டியில்தான் பெயரை மாற்றி எழுதியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் இரண்டு பிழை தெரிகிறது. சாடி பெரிது. கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தால் போதும், கிழங்கின் மேல்பாதி மண்ணுக்கு வெளியே நிற்க வேண்டும், நீ கழுத்துவரை புதைத்துவிட்டாய். மற்றது வெயில். இலைதான் அதற்குச் சமையல்காரி. நாலு இலைக்கு ஒரு பூ மொட்டு என்கிற கணக்கில் கிழங்குக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். இலை வெயிலில் நின்று சமைக்காவிட்டால் மொட்டுக்கு எங்கே போகும்? குளிர் முழுதாக விட்டதும் பல்கனியில் வை, கிழமைக்கு ஒருக்கா கொஞ்சம் உரம் கொடு. புரட்டாதியில் தண்ணீரை நிறுத்து. இலை காய்ந்ததும் 10 முதல் 13 பாகை செல்சியஸ் அளவில் குளிரான இருட்டு மூலையில் எட்டு, பத்துக் கிழமை விட்டுவிடு. பிறகு எடுத்து வெளிச்சத்தில் வைத்துத் தண்ணீர் காட்டினால் ஆறு, எட்டுக் கிழமையில் பூ. நடுவில் பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதே. நீயும் என் பிள்ளைதானே, ஊற்றுவாய்.

நீல நிறத்தில் வாங்கப் போகிறேன் என்றாயே, அதுவும் வேண்டாம். நீல ஹிப்பியாஸ்ட்ரம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. எனக்கும் ஒருவர் தபாலில் விற்றார், நாலாயிரம் ரூபாய். ஒன்றரை வருடம் காத்திருந்தேன், பூத்தது சிவப்பு. கேட்டதற்கு, "மண்ணைப் பொறுத்து நிறம் மாறும் அம்மா" என்றார். அவர் கைபேசியில் காட்டிய படத்தில் இருந்தது வேர்ஸ்லியா. அது பிரேசிலில் மலைப்பாறைச் சரிவில், அருவிச் சாரல் படுகிற இடத்தில் நிற்கிற செடி. நம் கோணமலைப் பாறையில் கொண்டுபோய் வைத்தாலும் இந்தச் சூட்டுக்கு நிற்காது. ஏமாந்தது யாருக்கும் தெரியாது, உனக்கு மட்டும் சொல்கிறேன். மாமாவிடம் சொல்லிவிடாதே.

சரி, ஏன் ஐப்பசியில் ஏலாது என்று சொல்லவேண்டும்.

முதல் இடி இடித்து, ஒரு நல்ல மழை விழுந்து மூன்று, நாலு நாளில் படிக்கட்டோரத்து மழை லில்லி ஒரே காலையில் எல்லாமாகப் பூக்கும், அடுத்த நாளே அநேகமாக வாடிவிடும். அதே கிழமையில் கார்த்திகைப்பூவின் முளை மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும். தம்பலகாமத்துப் பற்றைக்குள்ளிருந்து பெரியம்மா வீட்டுக்காரர் தோண்டித் தந்தது. அதன் கிழங்கு கலப்பைமாதிரி இரண்டு கையாகப் பிரிந்திருக்கும், முளைக்கண் நுனியில்தான். நுனி உடைந்தால் அந்தக் கை பிரயோசனமில்லை, படுக்கையாக வைத்து இரண்டு அங்குல மண் மூட வேண்டும். வளரத் தொடங்கினால் இலை நுனியே சுருண்டு கொழுகொம்பைப் பிடிக்கும், தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. பூ விரியும்போது பச்சை, பிறகு அடி மஞ்சளும் நுனி சிவப்பும், கடைசியில் முழுக்க நெருப்பு. ஒரே கொடியில் அத்தனை நிறமும் ஒன்றாக நிற்கும். புலிகளின் பூ என்பதால் இந்தக் கொடியை வளவில் விடவே பயந்து பிடுங்கி எறிந்த காலமும் இருந்தது, அது உனக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, இப்போது அது பூக்கிற மாதத்தில் வீட்டில் இல்லாமல் இருக்க எனக்கு மனமில்லை.

காவலும் வேண்டும். கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் பொட்டு வைத்த மயிர்க்கொட்டிமாதிரி ஒரு புழு வரும், இரண்டு இரவில் கொடியை மொட்டையடித்துவிடும். பொழுதுபட்டதும் டோர்ச்சோடு போய்ப் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போட வேண்டும். இதை நான் யாரிடம் விட்டுவிட்டு வருவது? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தொடவும் விடமாட்டேன். கிழங்கிலிருந்து விதைவரை அதில் கொல்கிசின் என்கிற நஞ்சு. அப்பாவுக்கு கவுட் வந்து கால் பெருவிரல் வீங்கினபோது டொக்டர் அளந்து எழுதிக் கொடுத்த குளிசை அதே சாமான்தான். அளவு தப்பினால் உயிருக்கு ஆபத்து. பேத்தி வந்தால் அந்தப் பக்கம் கம்பி வலை அடித்துவிடுவேன்.

கார்த்திகையில் மாமரத்து நிழலில் நிலத்திலேயே நிற்கிற அமேசன் லில்லி பூக்கும். அதற்கு இலை உதிராது. ஆனால் புரட்டாதியில் மூன்று, நாலு கிழமை தண்ணீரைக் குறைத்து, இலை கொஞ்சம் துவளும்வரை காயப்போட்டுப் பிறகு நனைத்தால்தான் தண்டு எடுக்கும். எவ்வளவு துவள விடலாம் என்பது கை பழகினால்தான் வரும். போன வருடம் ஐந்து தண்டு எடுத்தது. வெள்ளை வெளேரென்று தலை குனிந்த பூ, இரவில் மணம் யன்னலால் உள்ளே வரும். என்ன வடிவு தெரியுமா! நீ வீடியோவில் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு அம்மா" என்று சொல்லி அடுத்த கதைக்குப் போய்விட்டாய்.

வேலியோரத்துத் தொலபோ என்கிற கடலோர லில்லி மட்டும் யாருடைய தயவும் இல்லாமல் நிற்கும். 2004 மார்கழியில் கடல் வளவுக்குள் வந்துபோன பிறகு தென்னையைத் தவிர எல்லாம் கருகிப்போனது. அடுத்த மழைக்கு முதல் முளை விட்டது அதுதான். அதன் விதை கோழி முட்டைமாதிரி உருண்டு பச்சையாக இருக்கும், கடலில் மிதந்து போய்க் கரை ஒதுங்கும் இடத்தில் முளைக்கும். மண்கூட வேண்டாம். மேசை லாச்சிக்குள் ஒன்றைப் போட்டு மறந்துவிட்டேன், பிறகு பார்த்தால் வேர் விட்டிருந்தது. அதற்கு ஒன்றுவிட்ட தங்கை ஒன்றும் வைத்திருக்கிறேன், வெள்ளை இதழின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு. தாவரப் பெயரே கிரைனம் சைலானிகம், சிலோன் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இதை வயலோரத்தில் களை என்று வெட்டி எறிகிறார்கள். எறிந்த இடத்திலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

என் வாதத்தைக் கெடுக்கிற ஒன்றும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். தீப்பந்து லில்லி, ஸ்கடோக்ஸஸ். ஆபிரிக்காவிலிருந்து வந்த சாதி. சித்திரை மழைக்கு இலைக்கு முன்னாலேயே ஒற்றைத் தண்டில் நூறு பூவுக்கு மேல் பந்தாகத் திரண்டு நிற்கும். பூத்த பிறகுதான் இலை, அந்த இலைக்கு வைகாசி, ஆனியில் தண்ணீர் வேண்டும். மூன்று சாடிதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிவிட்டேன், அதற்கும் மாமரத்தடி அமேசன் லில்லிக்கும் குழாய்த் தண்ணீரில் கிழமைக்கு இரண்டு தரம் ஊற்றுவா. மற்ற 28 சாடிக்கும் யாரும் ஒன்றும் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பாவம் பார்த்து அவற்றுக்கும் ஊற்றிவிடுவா என்பதுதான் என் பயம். அவற்றை விறாந்தைக்குள் ஏற்றிவிட்டுத்தான் புறப்படுவேன்.

அதனால் டிக்கெட்டை வைகாசிக்கு மாற்று, மகள். 15ஆம் திகதிக்குப் பிறகு எந்த நாள் என்றாலும் சரி, புரட்டாதி முதல் கிழமைக்குள் என்னைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். நீ போட்ட ஐப்பசி டிக்கெட் ஒன்றரை மாதத்துக்குத்தான், இது மூன்றரை மாதம். ஐப்பசியில் விலை மலிவு என்றாய். விளங்குது. வித்தியாசத்தை என் பென்சன் காசில் தருகிறேன், வேண்டாம் என்று சண்டைக்கு வராதே. ரொறன்ரோ குளிரில் என் முழங்கால் படுகிற பாட்டை மருமகனும் போன முறை பார்த்தார்தானே, அவரிடம் கேள், அவர் என் பக்கம்தான் நிற்பார்.

கிழங்கு ஒன்றும் பெட்டியில் கொண்டுவர மாட்டேன், பயப்படாதே. நீயும் அங்கிருந்து எனக்கு அனுப்பாதே. அனுமதிப் பத்திரமும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வந்தால் கட்டுநாயக்காவிலேயே எடுத்துவிடுவார்கள், 1999ஆம் ஆண்டுச் சட்டம். எடுப்பதும் சரிதான், ஒரு கிழங்கோடு என்னென்ன பூச்சி வரும் என்று யாருக்குத் தெரியும்.

உன் அமரில்லிஸைத் தோண்டி எடுக்க வேண்டாம், நான் வந்து சின்னச் சாடிக்கு மாற்றித் தருகிறேன். அதுவரைக்கும் மேல்மண்ணை மட்டும் விரலால் தள்ளிக் கிழங்கின் தோளை வெளியே விடு. பேத்திக்குச் சட்டை தைக்கத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். வைகாசிக்குள் வளர்ந்துவிடுவாள், இப்போதைய அளவோடு இரண்டு அங்குலம் கூட்டி எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா